சவப்பெட்டிக் கடையில் சோறு

பெக் இம்முக்கு நான் மூன்று முறை ஒயரிங் செய்து கொடுத்தேன். ஒரே கடைக்கு மூன்று முறை. முதல் முறை குழாயைச் சுவருக்குள் பதித்தேன். பழைய சுண்ணாம்புச் சுவரை வெட்டக் கூடாது என்று அரசு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டாம் முறை சுவருக்கு மேலே ஓட்டினேன். வெள்ளைக் குழாய் கட்டடத்தின் முகத்தைக் கெடுக்கிறது என்று கடிதம் வந்தது. மூன்றாம் முறை உத்தரத்தின் முதுகில், கீழேயிருந்து எவன் பார்த்தாலும் தெரியாதபடி, சாரத்தில் மல்லாந்து கிடந்து ஓட்டினேன். அறுபது வயதில் இது உங்களுக்குத் தேவையா என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கும் அதே கேள்விதான்.

என் பெயர் வீரபத்திரன். ஜார்ஜ்டவுன் ஆணிச் சந்தில் நாற்பது வருடமாக ஒயர்மேன். சந்தில் இருக்கிறவர்கள் பெரும்பாலும் ஹொக்கியன் சீனர்கள். பாதி வீடுகளில் என் கை வைத்த விளக்குதான் எரிகிறது. அவர்கள் பேச்சில் எனக்குத் திட்டவும் தெரியும், என்னைத் திட்டினால் புரியவும் செய்யும். இரண்டும் இந்தக் கடை வேலையில் நிறையவே பயன்பட்டன.

பெக் இம் பத்தொன்பது வருடம் சந்து முனைக் காப்பிக்கடையில் ஒரு மூலையை வாடகைக்கு எடுத்துச் சோறு விற்ற பெண்மணி. கறுப்புச் சோயாச் சாற்றில் வெந்த பன்றிக்கறி, அதிலேயே ஊறிய முட்டை, கீரை, கஞ்சி. இவ்வளவுதான் கடை. ஆனால் சந்தில் யாருக்குக் கொழுப்பு ஆகாது, யாருக்கு முட்டை இரண்டு வேண்டும், எந்த வீட்டுப் பிள்ளை கீரையை மேசைக்கு அடியில் போடும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வாயும் அப்படித்தான். சோற்றில் குறை சொன்னவனைப் பெற்றவள் வரைக்கும் இழுக்காமல் விட மாட்டார். குறை சொல்வதற்கென்றே சிலர் வருவார்கள். அவர்களில் முதல் ஆள் லோ கெங். சந்தின் நடுவில் சைக்கிள் பழுது பார்ப்பவன், என் வயதுக்காரன். தினமும் மதியம் கறியும் இரண்டு முட்டையும் தின்றுவிட்டு, "உப்பே இல்ல பெக் இம்" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பான்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அந்தக் காப்பிக்கடைக் கட்டடம் விற்றுப்போனது. வாங்கியவன் அதை ஹோட்டலாக மாற்றினான். பெக் இம்முக்கு ஒரு மாத அவகாசம் கொடுத்தார்கள். ஐம்பத்தாறு வயதில் வெளியே போ என்றால் எங்கே போவது? பெரிய சாலையில் இடம் இருந்தது, பேரங்காடியில் இடம் இருந்தது. அவர் எதையும் பார்க்கவில்லை. சந்துக்குள்ளேயே, லோ கெங் கடைக்கு நேர் எதிரே, பதினொரு வருடமாகப் பூட்டிக் கிடந்த கடைவீட்டை எடுத்தார்.

அது சவப்பெட்டிக் கடை.

நூறு வருடத்துக்கு மேல் நடந்த கடை. முன்பக்கம் பள்ளத்தில் செருகிச் செருகி எடுக்கும் பலகைக் கதவு, நடுவில் வானம் தெரியும் முற்றம், பின்னால் மரம் அடுக்கும் கூடம். கதவுக்கு மேலே ஆறடி நீளக் கறுப்புப் பலகையில் தங்க எழுத்தில் 'ஹொக் சியூ' என்று கடைப் பெயரும், கீழே சின்னதாகச் சவப்பெட்டி வியாபாரம் என்பதும் செதுக்கியிருந்தது. கடைசி முதலாளி செத்த பிறகு யாரும் எடுக்கவில்லை. வாடகை மலிவு. மலிவு என்றால் ஏன் மலிவு என்று சந்தில் நடக்கிற பூனைக்கும் தெரியும்.

"தவுக்கேசோ, நல்லா யோசிச்சீங்களா?" என்று கேட்டேன். கடைக்காரச் சீனப் பெண்மணியை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"கோயில்ல கேட்டுட்டேன் அண்ணே. குறி கேக்குற கட்டைய மூணு தடவ வீசுனேன். மூணு தடவயும் சரின்னு விழுந்துச்சு. சாமியே சரின்னு சொல்லிடுச்சு, அப்பறம் என்னா?"

"சாமி சரி. சாமியா வந்து சோறு திங்கப் போகுது?"

"பத்தொம்பது வருசமா என் கையால தின்னவங்க லா. சோறு சோறுதானே. பேர்ப் பலகையக் கழட்டிட்டா முடிஞ்சிது."

பலகையைக் கழற்றிவிடலாம் என்று நினைத்ததில்தான் எல்லாமே மாட்டிக்கொண்டது. பழைய கட்டடங்களைக் கவனிக்கும் அலுவலகத்திலிருந்து ஹஸ்புல்லா என்ற இளைஞர் வந்தார். நல்ல பையன், மரியாதையான பேச்சு. அந்த மரியாதைதான் எரிச்சலைக் கிளப்பும். சுவரில் சிமெண்டு கூடாது, சுண்ணாம்புதான் பூச வேண்டும். அது காய மூன்று மாதம். முற்றத்துக்குக் கூரை கூடாது. அடுப்புப் புகைக்குச் சுவரில் துளை கூடாது. புகைக்குழாய் முற்றத்தின் வழியாக மேலே போக வேண்டும். ஒவ்வொன்றையும் பெக் இம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். கடைசியாகப் பலகைக்கு வந்தார்கள். அதிகாரியை எங்கள் ஊரில் 'என்சே' என்போம், ஐயா மாதிரி.

"பலகைய மட்டும் கழட்டிக்கிறேன் என்சே. உள்ள பத்திரமா வெச்சிக்கிறேன். தெனமும் தொடைக்கிறேன்."

"ஆண்டி, அந்தப் பலகதான் இந்தக் கட்டடத்துக்கு அடையாளமே. இருந்த எடத்துலயே இருக்கணும்."

"அடையாளமா? அதுல சவப்பெட்டின்னு எழுதியிருக்கு என்சே! அதுக்குக் கீழ ஒக்காந்து எவன் சோறு திம்பான்?"

"டூரிஸ்டுங்களுக்கு ரொம்பப் புடிக்கும் ஆண்டி."

"டூரிஸ்டுக்கு நான் சோறாக்கல. லோ கெங்குக்கு ஆக்குறேன்."

லோ கெங் எதிரே சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே கத்தினான். "எனக்கு அவசரமில்ல பெக் இம்! நான் இன்னும் பத்து வருசம் இருப்பேன்!"

அதிலிருந்து தினமும் அவன் வாய்க்கு வேலை கிடைத்தது. சோறு வாங்கினால் மூடி இலவசமா என்பான். ஆளை அளவெடுத்துவிட்டுத்தான் உள்ளே விடுவாயா என்பான். பெக் இம்மும் சும்மா விடவில்லை. "உன் வாய்க்கு அளவெடுத்தா எங்கிட்ட பலக பத்தாது போடா" என்பார். கேட்கிறவர்கள் சிரித்தார்கள். நானும் சாரத்தின் மேல் கிடந்து சிரித்தேன். ஆனால் சிரித்தவர்கள் யாரும், கடை திறந்ததும் வருகிறேன் என்று சொல்லவில்லை. அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

எட்டு மாதம் ஆனது. பெக் இம்மின் நகையெல்லாம் அந்தச் சுவரில் சுண்ணாம்பாக ஒட்டிக்கொண்டது. கடை திறக்கும் நாள் காலையில் செய்யக் கூடாத ஒரு காரியத்தை நான் செய்தேன். இன்று நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

பலகையைக் கழற்றத்தான் கூடாது, மூடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே என்று பெக் இம் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். புதுக்கடைக்குச் சிவப்புத் துணி கட்டுவது வழக்கம். பெரிய துணியாக வாங்கி, பலகை மறைகிற மாதிரி கட்டச் சொன்னார். கட்டினேன். கடல் காற்று பிய்த்துக்கொண்டு போனது. மறுபடி கட்டினேன், மறுபடி போனது. உள்ளேயிருந்து, "அண்ணே, மணியாகுது, எதையாச்சும் பண்ணு!" என்று கத்தினார். பக்கத்தில் அலங்காரத்துக்கு வாங்கிய சிவப்புத் தாள் சுருளாகக் கிடந்தது, பசையும் இருந்தது. கிழித்துக் கிழித்துப் பலகை முழுக்கப் பளிச்சென்று ஒட்டிவிட்டு, இறங்கி நின்று அழகும் பார்த்தேன்.

சீனர் வீட்டில் சாவு விழுந்தால் முதல் வேலையாகச் சாமிப் படங்களின் முகத்தைச் சிவப்புத் தாளால் மூடுவார்கள். நாற்பது வருடத்தில் எத்தனை சாவு வீட்டில் பந்தல் விளக்குப் போட்டிருக்கிறேன்! எனக்கு அது தெரியும். தெரிந்தும் அன்றைக்குப் புத்தி வேலை செய்யவில்லை. அதுவும் நான் மூடியது சவப்பெட்டிக் கடைப் பலகையை.

பத்து மணிக்குப் பலகைக் கதவுகளை எடுத்தோம். ஒருவரும் வரவில்லை. எதிரே நடந்து வந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பக்கம் ஒதுங்கி நடந்தார்கள். பதினொரு மணிக்குப் பார்த்தால் இரண்டு பக்கத்து வீட்டுக் கதவிலும் சிவப்புச் சீட்டு ஒட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுச் சாவு தங்கள் மேல் படாமலிருக்க ஒட்டுவது. அப்போதுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது. நான் ஏணியை எடுப்பதற்குள், சந்து முனையில் நூடுல்ஸ் விற்கும் ஆ ஹியாங் கையில் வெள்ளை உறையோடு வந்துவிட்டார். சாவு வீட்டு மொய்க்கு வெள்ளை உறைதான்.

பெக் இம்மின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "எப்ப போனாரு?"

"யாரு?"

"உன் வீட்டுக்காரருதான். நேத்துக்கூட வேன் ஓட்டிட்டுப் போனாரே, பாத்தேனே."

பெக் இம்மின் கணவர் தெக் ஹொக் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். மிச்ச நேரம் கடையில் பாத்திரம் கழுவுவார். பின்னாலிருந்து கிண்ணத் தட்டோடு வந்தவர் சொன்னார். "நான் எங்கயும் போகலயே. கிச்சன்லதான் இருந்தேன்."

ஆ ஹியாங் வீல் என்று கத்தியது கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

பெக் இம் வெளியே வந்து பலகையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ அஞ்சடியில், கடை முன் நடைபாதையில், கிடந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"கிழி அண்ணே," என்றார். "இருக்குறது தெரியட்டும்."

அதற்குப் பிறகு வந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். பலகைக்குக் கீழே நின்று படம் எடுப்பார்கள், பார்லித் தண்ணீர் ஒன்று வாங்கி இரண்டு பேர் குடிப்பார்கள், போய்விடுவார்கள். சந்து ஆட்கள் பெரிய சாலைக் காப்பிக்கடைக்குப் போய் ருசியில்லாத சோற்றைத் தின்றார்கள். லோ கெங்கும் அங்கேதான். சோறு பிடிக்காமல் அவன் இளைத்தே போனான், ஆனால் தெருவைத் தாண்டி வரவில்லை. "எனக்கு ஒண்ணுமில்ல பெக் இம். என் பொண்டாட்டிதான் வேணாங்குறா. ஒடம்பு சரியில்லாதவ, அவளுக்குப் பயம்" என்றான். அவன் மனைவிக்கு அப்போதே சிறுநீரகம் பழுது. அதற்கு மேல் பெக் இம்மால் சண்டை போட முடியவில்லை.

சிவப்புத் தாள் ஒட்டிய பாவத்துக்கு நான் தினமும் மதியம் அங்கே சாப்பிட்டேன். பன்றிக்கறிதான். வீட்டில் சொல்லிவிடாதீர்கள். நல்ல சோறு அது. நல்ல சோறு என்பதால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. ஒரு பானைக் கறியில் நானும் தெக் ஹொக்கும் எவ்வளவுதான் தின்ன முடியும்? "மூடிட்டு வா, வேன்ல பிள்ளைங்கள ஏத்தி எறக்கு, போதும்" என்று தெக் ஹொக் சொல்வார். "மூடுறதுக்கா எட்டு மாசம் சுண்ணாம்பு காயக் காத்துக் கெடந்தேன்?" என்று இவர் கரண்டியைத் தூக்குவார்.

ஐந்தாம் மாதம் லோ கெங்கின் மனைவி இறந்துபோனார். மூன்று நாள் பந்தலுக்கு நான்தான் விளக்குப் போட்டேன். மூன்றாம் நாள் எரித்துவிட்டு மதியம் திரும்பி வந்தார்கள். லோ கெங், மகள், மருமகன், பேரப்பிள்ளைகள், தம்பி குடும்பம் என்று பதினோரு பேர். எல்லோரும் கறுப்பில், சட்டைக் கையில் துக்கத் துணி குத்தியிருந்தது. அந்தத் துணியோடு அடுத்தவர் வாசல் மிதிக்கக் கூடாது. நூறு நாள் வரைக்கும் அப்படித்தான். காலையிலிருந்து பட்டினி. பெரிய சாலைக் காப்பிக்கடைக்காரர் தூரத்திலேயே பார்த்துவிட்டு, இடமில்லை என்று கையைக் காட்டினாராம். பாதிக் கடை காலியாக இருந்தது என்று மருமகன் சொன்னான். அந்த ஆளையும் குறை சொல்ல முடியாது. அவர் கடைக்கும் நாளைக்கு ஆள் வர வேண்டும்.

திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. பதினோரு பேரும் பெக் இம் கடை அஞ்சடியில் ஒதுங்கினார்கள். நான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். லோ கெங் முதுகைத் திருப்பிக்கொண்டு, தெருவைப் பார்த்து நின்றான். சின்னப் பேத்தி மட்டும் கறி வாசனைக்குத் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

பெக் இம் கரண்டியோடு வெளியே வந்தார். "உள்ள வா."

லோ கெங் சட்டைக் கையைக் காட்டினான். "இது இருக்கு, பாக்கலியா? உன் கடைக்கு ஆகாது."

"இந்தக் கடைக்கு இனிமே ஆகறதுக்கு என்னா இருக்கு? உள்ள வந்து ஒக்காரு!"

அவன் அசையவில்லை. பெக் இம் அவன் சட்டைக் கையை, துணி குத்தியிருந்த அதே கையை, பிடித்து இழுத்து நிலைப்படிக்கு உள்ளே விட்டார். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். முற்றத்தில் மழை கொட்டியது. அவன் தட்டில் கறியும் இரண்டு முட்டையும் வைத்தார். சாப்பிட்டு முடித்து அவன், "நன்றி" என்றான். பத்தொன்பது வருடத்தில் அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. பெக் இம்மும் கேட்டதில்லை போலிருக்கிறது, முகம் கோணிப்போனது.

விஷயம் பரவியது. துக்கத் துணி போட்டவர்களை உள்ளே விடுகிற கடை ஒன்று இருக்கிறது என்று எங்கெங்கிருந்தோ வந்தார்கள். எரித்துவிட்டு வருகிறவர்கள், ஏழாம் நாள் முடித்தவர்கள். மேசைகள் நிரம்பின. தெக் ஹொக்குக்குச் சந்தோஷம், எனக்கும் மனதில் பாரம் குறைந்தது. பெக் இம் மட்டும் முன்னைவிட எரிந்து விழுந்தார்.

"வந்தவங்கள நல்லா பாத்துக்குங்க தவுக்கேசோ, அப்பறம் என்னா கோவம்?" என்றேன்.

"நான் பாத்துக்கலன்னு யாரு சொன்னா? கூட ஒரு முட்ட வெச்சுத்தான் அனுப்புறேன். ஆனா பாரு அண்ணே. வராங்க, தலையக் குனிஞ்சிக்கிறாங்க, வெக்கிறதத் திங்கிறாங்க, நன்றின்னு சொல்லிட்டுப் போறாங்க. அப்பறம் வரவே மாட்டாங்க. வந்தா அந்த நாளு ஞாபகம் வந்துடுமாம். ஒருத்தனாவது உப்பில்லங்குறானா? கீரைய மேசைக்கு அடியில போட ஒரு புள்ள இருக்கா? சாவுக்குச் சோறு போடவா நான் கடை வெச்சேன்? சந்துக்குத்தானே வெச்சேன்!"

நாற்பத்தொன்பதாம் நாள் பூசை முடித்து லோ கெங் குடும்பத்தோடு வந்தான். பெக் இம் அவன் தட்டுக்கு அருகிலேயே நின்றார். "உப்பு சரியா இருக்கா?"

"எல்லாம் சரி," என்றான் அவன், நிமிராமல்.

"எல்லாம் சரியாம்! கேட்டியா அண்ணே, எல்லாம் சரியாம்!" கரண்டியைப் பானைக்குள் விட்டெறிந்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டார். லோ கெங் அவர் போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மிச்சச் சோற்றைத் தின்றான்.

நூறாம் நாளுக்காகப் பெக் இம் காத்திருந்தார் என்பதை அவர் சொல்லவில்லை; நாள்காட்டியில் போட்டிருந்த வட்டம் சொன்னது. அன்றைக்குத் துணியைக் கழற்றி எரித்துவிட்டுச் சிவப்பு உடுத்துவார்கள். அதன் பிறகு எந்த வாசலையும் மிதிக்கலாம். லோ கெங் தனக்குப் பிடித்த இடத்துக்குப் போகலாம், இந்தப் பலகையை இனிமேல் நிமிர்ந்தும் பார்க்க வேண்டியதில்லை.

காலையில் அவன் சிவப்புச் சட்டையோடு கடையிலிருந்து இறங்கினான். பெக் இம் கறியைக் கிளறிக்கொண்டே பார்த்தார். அவன் நேராகப் பெரிய சாலைப் பக்கம் நடந்தான். காப்பிக்கடைக்குத்தான். பெக் இம் மூடியை எடுத்துப் பானையில் போட்ட சத்தத்தில், மின்விசிறி மாட்டிக்கொண்டிருந்த நான் ஏணியிலேயே துள்ளிவிட்டேன்.

"போகட்டும் லா," என்றார். "அந்தக் கடைக்காரனும் பொழைக்கணும்ல."

பன்னிரண்டரைக்கு அவன் வந்தான். மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் கூடவே, எல்லோரும் சிவப்பில். பின்னால் ஆ ஹியாங், பக்கத்து வீட்டு இரண்டு குடும்பம். காலையில் காப்பிக்கடையில் இருந்த சந்து ஆட்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். பலகைக்குக் கீழே வரும்போது ஆ ஹியாங் மட்டும் தலையைக் குனிந்து வேகமாகத் தாண்டினார். ஆனாலும் தாண்டினார்.

லோ கெங் நடு மேசையில் உட்கார்ந்தான். கறியும் இரண்டு முட்டையும் வந்தன. ஒரு வாய் எடுத்தான். மென்றான். கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான்.

"உப்பே இல்ல பெக் இம்!"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் நிறுத்தவில்லை. "சவப்பெட்டி செஞ்சவன் ஆக்கியிருந்தாக்கூட இத விட நல்லா ஆக்கியிருப்பான்!"

"பத்தொம்பது வருசமா நக்கித் தின்னப்போ தெரியலியா நாக்கு செத்தவனே!" பெக் இம் சோயாப் புட்டியைக் கொண்டுவந்து அவன் முன்னால் ணங்கென்று வைத்தார். "ஊத்திக்கடா! உன்னப் பெத்தவ நாக்குல உப்புத் தடவ மறந்துட்டா, அதுக்கு நானா பொறுப்பு?" மேசைகள் சிரித்தன. அவன் பேத்தி கீரையை மெல்லக் கீழே நழுவவிட்டது. பெக் இம் அதையும் பார்த்தார், அதற்கும் ஒரு திட்டுத் திட்டினார். பிறகு முற்றத்துக் குழாயடிக்குப் போய், எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்று, வெகுநேரம் முகம் கழுவினார்.

நான் ஏணியிலிருந்து இறங்கி, பானையில் ஒரு கரண்டி குழம்பு எடுத்து வாயில் விட்டுப் பார்த்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.